படத்தில் வெட்டுப்பட்ட ஊசி

அன்புள்ள ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழில், பிடித்த கதாபாத்திரத்தைப் போலவே உடை போட்டுக்கொண்டு வருகிற காஸ்ப்ளே ரசிகர்களின் மாநாட்டுக்கு நான்கு பக்கம் ஒதுக்கியிருந்தீர்கள். மூன்றாம் பக்கத்தின் மூலையில் ஒரு படம். அதன் கீழே "குழந்தைகளோடு குழந்தையாகிவிட்ட ஒரு பாட்டி" என்று ஒரு வரி. அந்தப் பாட்டி நான்தான். எனக்கு வயது 54. ஒரே மகனுக்கு வயது 19, இன்னும் கல்யாணம் ஆகவில்லை. என் பேரன் பேத்தி எங்கே இருக்கிறார்கள் என்று உங்கள் நிருபர் சொன்னால் நானும் போய்ப் பார்த்துவிட்டு வருவேன்.

கோபத்தில் எழுதுகிறேன் என்று நினைக்க வேண்டாம். கோபம் முதல் இரண்டு நாள் இருந்தது. இப்போது விவரம் சொல்லத்தான் எழுதுகிறேன்.

நான் போன முதல் மாநாடு அது. தையல் மெஷின் முன்னால் 26 வருடம் உட்கார்ந்தவள் நான். பள்ளிச் சீருடை முதல் கல்யாண உடை வரை தைத்திருக்கிறேன். மகன் முதலில் கேட்டது ஒரே ஒரு மேலங்கி. அது வளர்ந்து வளர்ந்து, அவனுக்கு ஒன்று எனக்கு ஒன்று என இரண்டு முழு உடைகளில் வந்து நின்றது. எனக்கு அவன் பிடித்துக் கொடுத்தது ஓர் அனிமே தொடரில், அதாவது ஜப்பானியக் கார்ட்டூன் தொடரில், வரும் நரைத்த படைத்தலைவி. ஒரு கண்ணில் கட்டு, தோள் தொடங்கி முழங்கால் வரை கவசம். விக் செலவு மிச்சம், உன் தலைமுடியே போதும் அம்மா என்றான். உங்கள் நிருபர் ஏமாந்தது அந்த நரையில்தான் போலிருக்கிறது.

கவசத்தை உங்கள் கட்டுரை "அட்டைக் கவசம்" என்கிறது. அது அட்டை இல்லை. ஈவா ஃபோம். செருப்பின் அடிப்பாகத்திலும் தரை விரிப்பிலும் இருக்குமே, அதே சரக்கு. காகிதத்தில் அளவு வெட்டி, ஃபோமில் வரைந்து, கத்தியால் அறுக்க வேண்டும். நாலு கோடு அறுத்ததுமே கத்தி மழுங்கிவிடும். பிறகு ஹீட் கன் என்கிற, சூடான காற்றடிக்கும் கருவியால் சூடு காட்டினால் மேல்பரப்பு லேசாக மினுங்கும். அந்தச் சூட்டோடு வளைத்து, ஆறும்வரை கையில் பிடித்திருந்தால் அப்படியே நிற்கும். ஒட்டுகிற பசையை இரண்டு ஓரத்திலும் தடவி, விரலில் ஒட்டாத அளவுக்குக் காயவிட்டு, அப்புறம்தான் சேர்க்க வேண்டும். சேர்த்தால் சேர்த்ததுதான். துணியில் தப்பாகத் தைத்தால் பிரித்துத் தைக்கலாம், இதில் அந்தக் கருணை கிடையாது. பெயின்ட் அடிப்பதற்கு முன் மூன்று நான்கு முறை அடிப்பூச்சு பூசி அடைக்காவிட்டால் ஃபோம் பெயின்ட்டைக் குடித்துவிடும். மார்புப் பகுதிக்கு வளைவு வருவது எப்படி என்று மகன் தலையைப் பிய்த்துக்கொண்டிருந்தான். வளைவு வருவதற்காக நாங்கள் துணியை மடித்துப் பிடிக்கிற அதே டார்ட்தான், வேறொன்றும் இல்லை. அதைச் சொல்லிக் கொடுத்த அன்று அவன் என்னைப் பார்த்த பார்வைக்காகவே இன்னொரு கவசம் செய்யலாம்.

கட்டுரை முழுக்க "மாறுவேடம், மாறுவேடம்" என்று பதினோரு இடத்தில் வருகிறது. எண்ணினேன். தங்களுக்குத் தெரியாத தமிழா? தன்னை யாரும் அடையாளம் கண்டுகொள்ளக் கூடாது என்பதற்காகப் போடுவது மாறுவேடம். அங்கே கதையே தலைகீழ். யாரும் அடையாளம் கண்டுகொள்ளாவிட்டால்தான் தோல்வி. அரங்கத்துக்குள் நுழைந்த பத்தாவது நிமிடம், முன்பின் தெரியாத மூன்று பிள்ளைகள் என் முன்னால் நின்று அந்தத் தொடரில் வருகிற மாதிரியே சல்யூட் வைத்தார்கள். வீட்டில் 26 வருடமாக எனக்கு யாரும் சல்யூட் வைத்ததில்லை.

காஸ்ப்ளே என்ற சொல்லை உண்டாக்கியதே உங்களைப் போல் பத்திரிகையில் எழுதுகிற ஒருவர்தான் என்பதும் தாங்கள் அறிந்ததே. ஜப்பானில் நொபுயுகி தகாஹாஷி, 1983இல் ஓர் அனிமே மாத இதழில். மாநாடுகளில் புழங்கிய மாஸ்கரேட் என்ற பழைய ஆங்கிலச் சொல்லை அப்படியே ஜப்பானிய மொழியில் வைத்தால் பிரபுக்களின் பழங்கால விருந்து மாதிரி தொனிக்கிறது என்று யோசித்து, உடை (காஸ்ட்யூம்), விளையாட்டு (ப்ளே) என்ற இரண்டு சொற்களைச் சுருக்கி ஒட்டினார். ஒரு சொல்லுக்காக அவர் அவ்வளவு யோசித்தார். உங்கள் நிருபர் யோசித்த நேரத்தில் ஊசியில் நூல்கூடக் கோத்திருக்க முடியாது.

"இப்போது புதிதாகப் பரவிவரும் பைத்தியம்" என்றும் ஒரு வரி. புதிதா? 1939இல் நியூயார்க்கில் நடந்த முதல் உலக அறிவியல் புனைகதை மாநாட்டுக்கே இரண்டு பேர் எதிர்காலத்து உடை போட்டுக்கொண்டு போனார்கள். அடுத்த ஆண்டு சிகாகோவில் போட்டியே நடந்தது. அந்த 1939 உடையைப் பற்றிப் பேசும்போது பெரும்பாலும் அந்த இருவரில் ஒருவரான ஃபாரஸ்ட் அக்கர்மன் பெயரைத்தான் முதலில் சொல்வார்கள். அவர் போட்டிருந்ததையும் சேர்த்து இரண்டு உடையையும் வடிவமைத்துத் தைத்தவர் கூடவே போன மர்ட்டில் டக்ளஸ். இதைப் படித்தபோது எனக்கு ஆச்சரியமே வரவில்லை. போட்டவர் பெயர் நிற்கும், தைத்தவள் பெயர் உதிரும். என் தொழிலில் இது பழகிப்போனது. ஆனாலும் உங்கள் நான்கு பக்கத்தில் 14 படங்கள் இருக்கின்றன. ஒன்றின் கீழாவது "உடை செய்தவர்" என்று ஒரு பெயர் உண்டா? படம் எடுத்தவர் பெயர் மட்டும் பதினான்கிலும் இருக்கிறது.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். நுழைவாயிலில் எங்கள் ஃபோம் வாளைத் தட்டிப் பார்த்து, வளைத்துப் பார்த்து, ஒரு பட்டை கட்டி அனுப்பினார்கள். கையில் கொடுத்த விதிகள் ஒன்றரைப் பக்கம். சிரித்தேன். வரிசையில் பின்னால் நின்ற ஒரு பெண்தான் சொன்னாள், ஒவ்வொரு விதிக்குப் பின்னாலும் ஒரு புண்ணியவான் இருப்பாராம். 1972இல் லாஸ் ஏஞ்சல்ஸில் ஒருவர் உடம்பெல்லாம் வேர்க்கடலை வெண்ணெய் பூசிக்கொண்டு மேடையேற, அது சூட்டில் உருகி மற்றவர்கள் உடையெல்லாம் பாழ். அதிலிருந்து அதற்கென்றே ஒரு தடை வந்ததாம். அடுத்தவர் தைத்த உடையில் கறைபட்டால் எப்படி இருக்கும் என்று தையல்காரிக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை.

உள்ளே ஒரு மணி நேரம்தான் நடந்திருப்பேன். முழங்கால் கவசத்தின் வார் பிய்ந்துவிட்டது. ஒரு மூலையில் பழுதுபார்க்கும் மேசை போட்டிருந்தார்கள். பசை, ஊக்கு, நூல், வெல்க்ரோ எல்லாம் இருந்தது. தொண்டுக்கு வந்த ஒரு பையன், பசைத் துப்பாக்கியும் கையுமாக, முகம் வெளுத்துப்போய் உட்கார்ந்திருந்தான். அவன் முன்னால் ஒன்பது பேர். முதலில் நின்ற பெண்ணுக்குத் தோள்பட்டைத் தையல் முழுசாகப் பிரிந்திருந்தது. அடுத்த அரை மணியில் மேடையேற வேண்டியவள், அழுகிற நிலைமை. அந்தப் பையன் துணியில் சுடு பசையை வைக்கப் போனான். என்னால் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை. தம்பி, நகரு என்று சொல்லி உட்கார்ந்தேன். எழுந்தபோது ஒன்றே முக்கால் மணி நேரம் ஆகியிருந்தது. இறக்கை ஒன்று, வால் இரண்டு, அறுந்த கொக்கிகள், கிழிந்த லைனிங், ஒரு ரோபோவின் இடுப்பு. தோள்பட்டைக்கு இரட்டை நூலில் பின்தையல் போட்டுக் கொடுத்தேன், இனி அவளாகப் பிரித்தால்தான் உண்டு. என் வார் கடைசிவரை பிய்ந்தபடியே இருந்தது.

உங்கள் படம் எடுக்கப்பட்டது அந்த மேசையில்தான். பக்கவாட்டிலிருந்து, கேட்காமல், எனக்குத் தெரியாமல். உடையைத் தைக்கும் என் வலது கையும் ஊசியும் இருந்த பாகத்தை வெட்டிவிட்டீர்கள். மிச்சம் இருப்பது நரைத்த தலை, கண்கட்டு, சுற்றிலும் சிரிக்கிற பிள்ளைகள். அந்தக் கூட்டத்திலேயே வேலை பார்த்துக்கொண்டிருந்த ஒருத்தியைப் பார்த்து "குழந்தையாகிவிட்டாள்" என்கிறீர்கள்.

கேட்டுவிட்டுப் படம் எடுங்கள் என்று அரங்கம் முழுக்க எழுதி வைத்திருந்தார்கள். போட்டிருக்கும் உடை சம்மதம் ஆகாது என்று நியூயார்க் காமிக் கான் என்கிற ரசிகர் மாநாடு 2014இலேயே பலகை வைத்தது. பதினைந்து வயதுப் பையன்கள்கூட "ஆன்ட்டி, ஒரு போட்டோ எடுக்கலாமா?" என்று கேட்டுத்தான் எடுத்தார்கள். கழுத்தில் பத்திரிகை அட்டை தொங்கவிட்டவருக்கு மட்டும் கேட்க வாய் வரவில்லை.

எனக்கு இது புதிதும் அல்ல. விளையாட்டுப் பக்கத்தில் நாற்பது வயது ஆண்கள் முகத்தில் அணியின் வண்ணம் பூசி, தொப்பையில் எண் எழுதி ஆடினால் "ரசிக வெள்ளம்" என்று நடுப்பக்கம் தருகிறீர்கள். மகளிர் பகுதியில் "ஐம்பதைத் தாண்டியவர்களுக்குப் பொருந்தும் நிறங்கள்" என்று போட்டு, சாம்பலையும் பழுப்பையும் பரிந்துரைத்தீர்கள். அப்போதே எழுதினேன், பிரசுரமாகவில்லை. பதினோரு வருடத்துக்கு முன் இலவச இணைப்பாக வந்த சட்டை அளவுப்படத்தில் கைக்குழி அளவு தப்பு. அதை நம்பி வெட்டி இரண்டு மீட்டர் துணி வீணானது. மூன்று கடிதம் போட்டேன். மூன்றாவதற்கு "தங்கள் மேலான ஆதரவுக்கு நன்றி" என்று அச்சடித்த அட்டை வந்தது. பத்திரமாக வைத்திருக்கிறேன்.

நான் கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. அடுத்த இதழில் எங்காவது இரண்டு வரி. "பாட்டி" என்பதைத் "தையல் கலைஞர்" என்றும், "அட்டை" என்பதை "ஃபோம்" என்றும் திருத்திப் படிக்கவும் என்று போட்டால் போதும். என் பெயர் வேண்டாம். அத்துடன், வெட்டாத முழுப் படம் உங்கள் அலுவலகத்தில் இருந்தால் ஒரு பிரதி அனுப்பி உதவவும். அந்த மேசையில் என்னை யாரும் வேறு படம் எடுக்கவில்லை. மகன் கேட்கிறான்.

இப்படிக்கு,
22 ஆண்டுச் சந்தாதாரர் ஒருவர்

பி.கு.: கைக்குழி ஒன்றரை அங்குலம் கூடுதலாக இருக்க வேண்டும். அந்த இணைப்பை இன்னும் யாராவது வைத்திருக்கலாம், இப்போதாவது சொல்லிவிடுங்கள்.