ஷமோனி பயணத்தில் சேவைக் குறைபாடு: புகார் கடிதம்

அனுப்புநர்:
ஜூன் மாத ஐரோப்பியப் பயணக் குழுவில் வந்த வாடிக்கையாளர் (இரண்டு பயணிகள்),
ஸ்ரீரங்கம், திருச்சி.

பெறுநர்:
மேலாளர் அவர்கள்,
வாடிக்கையாளர் குறைதீர் பிரிவு,
சென்னை அலுவலகம்.

பொருள்: ஆறாம் நாள் ஷமோனி பள்ளத்தாக்குப் பயணத்தில் வாக்களித்த இடங்களைக் காட்டாதது, உயரம் பற்றி எச்சரிக்காதது தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா / அம்மா,

வணக்கம். கடந்த ஜூன் மாதம் உங்கள் ஒன்பது நாள் ஐரோப்பியப் பயணத்தில் நானும் என் அப்பாவும் வந்தோம். தலைக்கு 2,65,000 ரூபாய் கட்டினோம். பாரிஸ் பற்றி எனக்குக் குறை ஏதும் இல்லை. சாப்பாடும் நன்றாகவே இருந்தது. இந்தக் கடிதம் ஆறாம் நாளைப் பற்றியது மட்டும். நாங்கள் பணம் கட்டியதே அந்த ஒரு நாளுக்காகத்தான்.

காரணத்தைச் சொல்லிவிடுகிறேன். 1966 ஜனவரி 24 அன்று பம்பாயிலிருந்து லண்டன் போன ஏர் இந்தியாவின் 'கஞ்சன்ஜங்கா' விமானம், ஜெனீவாவில் இறங்கவிருந்த நேரத்தில், பிரான்சில் ஷமோனி ஊருக்கு மேலே நிற்கும் மோன் பிளாங் மலையில் மோதி நொறுங்கியது. அதில் இருந்த 117 பேரும் இறந்துபோனார்கள். அணு விஞ்ஞானி ஹோமி பாபா அவர்களில் ஒருவர். அப்போது அப்பாவுக்குப் பதின்மூன்று வயது. டீக்கடை ரேடியோவில் அந்தச் செய்தியைக் கேட்டவர், பிற்பாடு கல்பாக்கத்தில் முப்பத்தொரு வருடம் வேலை பார்த்து ஓய்வுபெற்றார். அதே மலையில் 1950 நவம்பரில் ஏர் இந்தியாவின் 'மலபார் பிரின்சஸ்' விமானமும் விழுந்து 48 பேர் பலியானார்கள். இரண்டு விமானங்களின் சிதைவுகளையும், அந்த மலையிலிருந்து ஷமோனி பள்ளத்தாக்கை நோக்கி மெதுவாக நகர்ந்து இறங்கும் பனித்திரளான பொசோன் பனியாறு தனக்குள் வைத்துக்கொண்டு, மெல்ல மெல்லக் கீழே இறக்கிக்கொண்டிருக்கிறது. 2012-இல் இந்திய அரசின் தபால் பை ஒன்று அங்கே கிடைத்தது. 2020-இல், இந்திரா காந்தி பிரதமரான செய்தியைத் தாங்கிய நாளிதழ்கள் கிடைத்தன. இந்தச் செய்திகளை எல்லாம் அப்பா ஒரு நோட்டில் வெட்டி ஒட்டி வைத்திருக்கிறார். அந்த நோட்டைப் பெட்டியில் போடாமல் கைப்பையிலேயே கொண்டுவந்தார்.

உங்கள் பயணத் திட்டத்தில் அச்சிட்டிருந்தது இதுதான்: ஷமோனியில் இரண்டு இரவு; எகுய் து மிதி சிகரம்; மேர் த கிளாஸ் பனிக்குகை; பொசோன் பனியாற்றின் அடிவாரத்தில் ஒரு மணி நேரம். பதிவு செய்வதற்கு முன் இரண்டு முறை போன் செய்து பொசோன் உண்டுதானே என்று கேட்டேன். "கண்டிப்பா உண்டு மேடம்" என்றுதான் பதில் வந்தது.

ஆனால் தங்கவைத்தது ஷமோனியில் அல்ல, ஜெனீவா விமான நிலையத்துக்குப் பக்கத்தில். அங்கிருந்து பள்ளத்தாக்குக்கு எண்பது கிலோமீட்டருக்கு மேல். எட்டரைக்குக் கிளம்ப வேண்டிய பஸ் பத்து மணிக்கு நகர்ந்து, பதினொன்றரைக்குத்தான் ஊருக்குள் போனது. உயரமான மலைகளில் காலையில் வானம் தெளிந்திருக்கும், வெயில் ஏற ஏற மேகம் திரளும். கோடைக்கானலில் ஒரு நாள் தங்கியவர்களுக்கே இது தெரியும். ஷமோனியிலேயே தங்கவைக்கிறோம் என்று நீங்கள் சொன்னதன் மதிப்பே அந்தக் காலை நேரம்தான்.

எகுய் து மிதி ரோப் காருக்கு, எந்த நேரத்து வண்டியில் ஏறுவது என்று முன்கூட்டியே பதிவு செய்துகொள்ள முடியும். முப்பத்தெட்டு பேர் கொண்ட குழுவுக்கு நீங்கள் அதைச் செய்யவில்லை. வரிசையில் நின்று எங்களுக்குக் கிடைத்தது 1.40 மணி வண்டி. மேலே போய் இறங்கியபோது எங்கும் வெள்ளை மூட்டம். மோன் பிளாங் எந்தப் பக்கம் என்றுகூடத் தெரியவில்லை.

அடுத்ததைக் கோபத்தோடுதான் எழுதுகிறேன். ஷமோனி ஊர் 1,035 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. ரோப் கார் இருபது நிமிடத்தில் ஏற்றிவிடும் மேல் நிலையம் 3,777 மீட்டர். காற்றழுத்தம் அங்கே கடல்மட்டத்தில் இருப்பதில் மூன்றில் இரண்டு பங்குகூட இல்லை. ஒவ்வொரு மூச்சிலும் கிடைக்கும் ஆக்சிஜனும் அந்த அளவுக்குக் குறைவு. எழுபது வயதைத் தாண்டிய, ரத்த அழுத்தத்துக்கு மாத்திரை சாப்பிடும் ஒருவரை அங்கே அழைத்துப்போகுமுன் நீங்கள் எதையும் கேட்கவில்லை. உங்கள் படிவத்தில் சைவமா அசைவமா என்ற கேள்வி இருக்கிறது, ஜன்னல் இருக்கையா என்ற கேள்வி இருக்கிறது, உடல்நிலை பற்றி ஒரு வரி இல்லை. முந்தின இரவு வாட்ஸ்அப்பில் வந்த செய்தி "லேசான ஸ்வெட்டர் போதும்" என்றது. மேலே பனிக்காற்று. எங்கள் குழுவில் இரண்டு அம்மாக்கள் செருப்புக் காலோடு உறைபனியில் நின்றார்கள்.

இரண்டு பாறை முனைகளை இணைக்கும் நடைபாலத்தில் அப்பா நின்றுவிட்டார். கம்பியைப் பிடித்திருந்த கையைப் பார்த்தேன், நகங்கள் நீலம் பாரித்திருந்தன. "ஒண்ணுமில்லம்மா, கொஞ்சம் மூச்சு வாங்குது" என்றார். கயிறும் பனிக்கோடரியுமாக அந்த வழியே வந்த மலை வழிகாட்டி ஒருவர்தான் அவரை உட்காரவைத்து, உடனே கீழே கூட்டிப்போங்கள் என்று சைகையால் சொன்னார். உங்கள் டூர் மேனேஜர் அப்போது காபிக் கடை வரிசையில் இருந்தார். கீழே வந்து அரை மணி நேரத்தில் அப்பா தேறிவிட்டார். அதற்குக் கடவுளுக்குத்தான் நன்றி சொல்ல வேண்டும்.

மேர் த கிளாஸுக்கு மோன்தன்வேர் ரயிலில் போனோம். நம் ஊட்டி ரயிலைப் போலவே பற்சக்கரத்தில் ஏறும் அருமையான ரயில். மேலே தந்தது இருபத்தைந்து நிமிடம். பனிக்குகைக்குப் போக அங்கிருந்து இன்னொரு ரோப் காரில் இறங்க வேண்டும். நேரமில்லை என்று மேனேஜர் தடுத்துவிட்டார். மேடையில் நின்று பார்த்தால், உங்கள் விளம்பரத்தில் இருக்கும் வெள்ளைப் பனியாறு அங்கே இல்லை. ஆழத்தில் சாம்பல் நிறக் கற்குவியல்தான் தெரிகிறது. பனி உருகி உருகி அவ்வளவு கீழே இறங்கிவிட்டது, மிஞ்சியதைச் சரளை மூடியிருக்கிறது. எந்த ஆண்டில் பனி எதுவரை இருந்தது என்று வழிநெடுகப் பலகைகள் வைத்திருக்கிறார்கள். ஒரு பலகையிலிருந்து அடுத்ததற்கு உள்ள இறக்கத்தைப் பார்த்தாலே வயிறு கலங்குகிறது. அதை எங்களுக்கு விளக்கிச் சொல்ல ஆள் இல்லை. "பனியாறு எங்கே?" என்று பக்கத்தில் நின்றவர் கேட்டபோது மேனேஜருக்கும் பதில் தெரியவில்லை. எப்போதோ எடுத்த பழைய படத்தைப் போட்டு இன்றைய பயணத்தை விற்பது வாடிக்கையாளரைத் தவறாக வழிநடத்துவதுதான்.

பிறகு பொசோன். பஸ் நிற்கவே இல்லை. மைக்கில் ஒரு வரி: "இடது பக்கம் பாருங்க, அதுதான் பொசோன்." அப்பா வலது பக்கம் உட்கார்ந்திருந்தார். சீட் பெல்ட்டைக் கழற்றி எழுந்து, முன்சீட்டைப் பிடித்துக் குனிந்து பார்ப்பதற்குள் பஸ் திரும்பிவிட்டது. நோட்டு மடியில் திறந்தபடி கிடந்தது. "பாத்தியாம்மா நீ?" என்று என்னைக் கேட்டார். நானும் பார்க்கவில்லை. அதே பஸ் ஜெனீவாவில் ஒரு சாக்லேட், கைக்கடிகாரக் கடை வாசலில் ஐம்பத்தைந்து நிமிடம் நின்றது. அந்தக் கடை பயணத் திட்டத்தில் இல்லை.

ஊர் திரும்பியதும் போனில் புகார் சொன்னேன். "மலையில மேகம் வந்தா நாங்க என்ன பண்ண முடியும் மேடம்?" என்றார்கள். வானிலைக்கு நிறுவனம் பொறுப்பல்ல என்ற விதியையும் படித்துக் காட்டினார்கள். மேகத்தைப் பற்றி நான் புகார் சொல்லவில்லை. ஜெனீவாவில் தங்கவைத்தது, பஸ் தாமதம், முன்பதிவு இல்லாதது, உடல்நிலை கேட்காதது, பொசோனை விட்டுவிட்டுக் கடையில் நிறுத்தியது — இவற்றில் எதுவும் வானிலை அல்ல.

எனவே நான் கேட்பவை: ஷமோனி விடுதிக்கும் நீங்கள் தந்த விடுதிக்கும் உள்ள கட்டண வித்தியாசம், பனிக்குகைக்கும் பொசோனுக்கும் வாங்கிய தொகை, இரண்டையும் எங்கள் இருவருக்கும் திருப்பித் தர வேண்டும். பொசோனில் ஏன் நிறுத்தவில்லை, கடையில் நிறுத்தச் சொன்னது யார் என்பதற்கு எழுத்தில் விளக்கம் வேண்டும். இனி அச்சிடும் பயணத் திட்டத்தில் ஒவ்வொரு இடத்தின் உயரத்தையும் போடுங்கள், படிவத்தில் உடல்நிலை பற்றிய கேள்வியைச் சேருங்கள். இந்தக் கடைசிக் கோரிக்கையை மட்டும், பணம் தருகிறீர்களோ இல்லையோ, இன்றே செய்யுங்கள். அடுத்த குழுவிலும் யாருடைய அப்பாவாவது இருப்பார்.

ரசீது, பயணத் திட்டம், வாட்ஸ்அப் செய்திகளின் நகல்களை இணைத்துள்ளேன். பதினைந்து நாட்களுக்குள் பதில் வராவிட்டால், நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019-இன்படி திருச்சி மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்தில் மனு செய்வேன். நான் குடியிருக்கும் ஊரிலேயே மனு செய்ய அந்தச் சட்டம் இடம் தருகிறது.

இப்படிக்கு,
தங்கள் வாடிக்கையாளர்,
ஸ்ரீரங்கம்.