பரண்ல கெடந்த படி

தம்பி, சாப்டியா? போன்ல கீழ்வெண்மணிப் பேச்ச எடுத்தா நீ சட்டுனு வேற பேச்சுக்குப் போயிடுற, அதான் உக்காந்து டைப் பண்றேன்.

போன வாரம் பரண ஒழிச்சப்ப தாத்தாவோட பித்தளைப் படி கெடச்சுது. ஓரமெல்லாம் தேஞ்சு வழவழன்னு இருக்கு. கொல்லைல ஆளுங்களுக்கு கூலி நெல்லு அதுலதான் அளப்பாரு, ஒவ்வொரு படியையும் உள்ளங்கையால தலை தட்டி, ஒரு மணி கூட கூடிடாம. நான் பக்கத்துலயே நின்னு பாத்திருக்கேன், அவங்க முந்தானைய விரிச்சுக்கிட்டு வாயத் தெறக்காம நிப்பாங்க.

நம்ம பக்கத்துல இருக்குற கீழ்வெண்மணில வயக்கூலி ஆளுங்க கேட்டது கூலி அரைப்படி கூட வேணும்னுதான். சங்கம் வச்சாங்க, செங்கொடிய எறக்க மாட்டோம்னாங்க. 1968 டிசம்பர் 25 ராத்திரி, உயிருக்கு பயந்து ராமய்யா குடிசைக்குள்ள ஒளிஞ்சவங்கள, நெலம் வச்சிருந்த மிராசுதாருங்களும் அவங்க ஆளுங்களும் வெளிய விடாம கொளுத்திட்டாங்க, 44 பேரு, பொம்பளைங்களும் புள்ளைங்களும்தான் நெறைய. கீழ்க்கோர்ட்டுல தண்டனை வாங்குன மிராசுதாருங்கள ஐகோர்ட்டு விட்டுருச்சு. அப்ப எனக்கு ஏழு வயசு, நம்ம வீட்ல அதப் பத்தி ஒரு வார்த்தை யாரும் பேசல, அந்த அமைதி எனக்கு இப்பவும் வயித்தப் பெசையுது.

"நான் பொறக்கவே இல்லயேம்மா, எனக்கென்ன?"ன்னு கேட்ட. நீ தீ வைக்கல, தாத்தாவும் வைக்கல, நெசந்தான். ஆனா தலை தட்டி மிச்சம் பண்ண நெல்லுதான்டா நெலமாச்சு, அதுல நாலு மா வித்துதான் உனக்கு காலேஜ் பீஸ் கட்டுனோம். காச மட்டும் வாங்கிக்கிட்டு அது வந்த வழிய தெரியாதுன்னு சொல்ல எனக்கு வாய் வரல.

பெர்லின்ல உன் தெரு நடைபாதைல பதிச்ச பித்தளைக் கல்ல போட்டோ எடுத்து அனுப்புனியே, இங்க குடியிருந்தவங்கன்னு யூதர் பேரு, பொறந்த வருஷம், புடிச்சுட்டுப் போன வருஷம் எல்லாம் போட்டு. ஹிட்லர் காலத்துல பொறக்காத புள்ளைங்க முட்டி போட்டு அதத் தொடைக்குறாங்கம்மான்னு சொன்னப்ப உன் தொண்டை அடைச்சுது, நான் கேட்டேன். அதே மனசு நம்ம ஊருன்னு வந்தா ஏன்டா இறுகிப் போகுது?

இவ்ளோ பக்கத்துல இருந்தும் வெண்மணி நினைவிடத்துக்கு நான் ஒரு தடவகூட போனதில்ல. இந்த டிசம்பர் 25 போகப் போறேன். நீயும் வா, 22க்குள்ள வர்ற மாதிரி டிக்கெட் போடு. படிய எடைக்குப் போடல, நீ வந்து கைல வாங்கிப் பாரு.

அம்மா