ஸ்டேஷனுக்கும் தேரடிக்கும் நடுவே

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கார் இல்லாமல் சென்னையில் காலம் தள்ள முடியுமா என்று சென்ற வாரம் உங்கள் இதழில் வந்த கட்டுரையை வீட்டில் சத்தமாகப் படித்துக் காட்டினேன். "ஏங்க, நாம தள்ளலையா?" என்று கேட்டுவிட்டு என் மனைவி குழம்பைத் தாளிக்கப் போய்விட்டாள். கட்டுரையாளர் காரை விற்றுவிட்டு ஓராண்டு இருந்து பார்த்ததை ஒரு விரதம்போல எழுதியிருந்தார். நல்ல மனிதர், குறை சொல்லவில்லை. ஆனால் திருவொற்றியூர் காலடிப்பேட்டையில் பிறந்து அறுபத்திரண்டு வயதாகும் எனக்கு, விற்பதற்கு ஒரு கார் இருந்ததே இல்லை.

"அவசரம்னா என்ன செய்வீங்க?" என்பது கார் வைத்திருக்கும் உறவினர்கள் தவறாமல் கேட்கும் கேள்வி. ஒரு நாள் ராத்திரி இரண்டு மணிக்கு என் மாமனாருக்கு நெஞ்சுவலி வந்தது. நான் 108-க்குப் போன் போட்டுக்கொண்டிருக்கும்போதே எதிர்வீட்டுக்காரர் லுங்கியோடு இறங்கி வந்து, காசிமேட்டுக்கு ஐஸ் ஏற்றிப்போகும் தன் குட்டி யானை வண்டியைக் கிளப்பிவிட்டார். ஈரம் காயாத பலகைமேல் பாயை விரித்து மாமனாரைப் படுக்க வைத்து, நானும் மச்சானும் இரண்டு பக்கமும் பிடித்துக்கொண்டு ஸ்டான்லி ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தோம். அதற்குப் பிறகு ஆறு வருஷம் இருந்தார். "உயிரோட இருக்கும்போதே என்னை ஐஸ்ல வெச்சிட்டீங்களேடா" என்று சொல்லிச் சொல்லிச் சிரிப்பார்.

சரி, அவசரத்தை விடுங்கள். சாவகாசமான பயணத்துக்கு வருகிறேன்.

எங்கள் பக்கத்துப் பெண்களுக்குப் பௌர்ணமி என்றால் மூன்று அம்மன் தரிசனம். காலையில் மீஞ்சூருக்கு அருகே மேலூரில் திருவுடையம்மன், உச்சிவேளையில் எங்கள் ஊர் வடிவுடையம்மன், சாயங்காலம் திருமுல்லைவாயிலில் கொடியிடையம்மன். ஒரே நாளில் மூவரையும் பார்த்துவிட வேண்டும். அதுவும் வெள்ளிக்கிழமையோடு சேர்ந்து வந்தால் விசேஷம். போன முறை என் மனைவி, கொழுந்தியாள், தெருவில் இன்னும் மூன்று பேர் கிளம்ப, பை தூக்க என்னையும் கூட்டிப்போனார்கள். திருவொற்றியூர் ஸ்டேஷனில் கும்மிடிப்பூண்டி வண்டி ஏறி மீஞ்சூர், அங்கிருந்து ஷேர் ஆட்டோவில் மேலூர். அதே வழியாகத் திரும்பி வந்து வடிவுடையம்மன். வீட்டில் மோர் சாதம். அப்புறம் தேரடியில் மெட்ரோ ஏறி சென்ட்ரல், சாலையைக் கடந்து மூர் மார்க்கெட் ஸ்டேஷனில் ஆவடி வண்டி, திருமுல்லைவாயில். விளக்கு வைக்கும் நேரத்துக்குச் சன்னிதியில் நின்றோம். அதே நாளில் காரில் கிளம்பிய எங்கள் பின்வீட்டுக் குடும்பம் மாதவரம் ரவுண்டானாவில் மாட்டிக்கொண்டு, எங்களுக்கு ஒரு மணி நேரம் கழித்து வந்து சேர்ந்தது. கோயில் வாசலில் பார்த்ததும் அவர்கள் முதலில் கேட்டது, "இங்க வண்டி எங்க விடலாம்?"

இவ்வளவும் பெருமைக்காக எழுதவில்லை. அன்று எங்களைக் களைக்க வைத்தது ரயிலும் இல்லை, மெட்ரோவும் இல்லை. திருவொற்றியூர் ஸ்டேஷனில் இறங்கி தேரடிவரை போன வழிதான். உங்கள் கட்டுரையில் வராமல் போன விஷயமும் அதுதான். எங்களுக்கு ரயில் உண்டு, பஸ் உண்டு, ஷேர் ஆட்டோ உண்டு. ஒன்றிலிருந்து இறங்கி இன்னொன்றுக்கு நடந்துபோகத்தான் வழி இல்லை.

மின்சார ரயில் மேற்கே தன் தண்டவாளத்தோடு போகிறது. மெட்ரோ கிழக்கே நெடுஞ்சாலைக்கு மேலே தூண்களில் போகிறது. இரண்டிலும் திருவொற்றியூர் என்று ஒரு நிலையம் உண்டு. பெயர்தான் ஒன்று, ஒன்றிலிருந்து பார்த்தால் இன்னொன்று கண்ணுக்கே தெரியாது. தண்டையார்பேட்டையிலும் இதே கதை. நடுவில் இருக்கும் தூரம் பெரிதில்லை, இருபது வயதில் ஓடியே கடந்திருப்பேன். இப்போது முதலில் நடைபாதையில் பைக்குகள், அடுத்து டிரான்ஸ்பார்மர், அப்புறம் ஒரு டீக்கடையின் பெஞ்சு, அதைத் தாண்டினால் உறை போட்டு மூடிய ஒரு கார். வாங்கி நான்கு வருஷமாயிற்று, ஞாயிற்றுக்கிழமை தவிர அசைவதில்லை. அந்த வீட்டுக்காரருக்கு வேறு இடமில்லை, அவர் என்ன செய்வார். நான்தான் அதைச் சுற்றிக்கொண்டு நடுரோட்டில் இறங்குகிறேன்.

போன மாசி மாதம் அப்படி இறங்கக்கூடாதென்று ஒதுங்கி நடந்ததில், மழைநீர் வடிகாலின் மூடி ஒரு பக்கம் சாய்ந்து கால் முட்டிவரை உள்ளே போய்விட்டது. புத்தூர்க் கட்டு போட்டு மூன்று வாரம் வீட்டில் கிடந்தேன். மூடியைச் சரிசெய்யச் சொல்லிப் போனால் ஓர் அலுவலகத்தில் "இது எங்க கணக்குல வராது" என்றார்கள். அவர்கள் கைகாட்டிய இடத்திலும் அதே பதில். கடைசியில் டீக்கடைக்காரர் ஒரு கருங்கல்லை வைத்து மூடினார். கல் இன்னும் இருக்கிறது.

சாலையைக் கடப்பது தனி அத்தியாயம். எண்ணூர் விரைவுச் சாலையில் துறைமுகத்துக்குப் போகும் கன்டெய்னர் லாரிகள் வரிசை கட்டி நிற்கும் நாட்களில், இரண்டு லாரிகளுக்கு நடுவே புகுந்து தலையை நீட்டிப் பார்த்தால்தான் பஸ் வருவது தெரியும். சக்கரமே என் மார்பளவு இருக்கிறது. மேலே உட்கார்ந்திருக்கும் டிரைவருக்கு நாம் கண்ணில் படுவோமா என்பது அம்மனுக்குத்தான் வெளிச்சம். மீன் கூடையைத் தலையில் வைத்துக்கொண்டு அதற்குள் புகுந்து வரும் பெண்களைப் பார்த்தால் எனக்கு வயிற்றைப் பிசையும்.

தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் 1856 ஜூலை 1-இல் எங்கள் ராயபுரத்திலிருந்துதான் ராணிப்பேட்டை பக்கத்து வாலாஜா ரோட்டுக்குக் கிளம்பியது. மெட்ரோ விஷயத்தில் வரிசை தலைகீழ். கோயம்பேடு, ஆலந்தூர்காரர்கள் 2015-லேயே ஏறிவிட்டார்கள். எங்கள் பக்கம் விம்கோ நகர்வரை வந்தது 2021 பிப்ரவரியில், தேரடி நிலையம் திறந்தது அதற்கும் ஓராண்டு கழித்து. தாமதமாக வந்தாலும் நன்றாகவே வந்தது. ஒரே வண்டியில் உட்கார்ந்தபடி விமான நிலையம்வரை போகலாம். 2021-இல் வந்த பெண்களுக்கான இலவசப் பயணத்தையும் சொல்லியாக வேண்டும். அதற்கு முன் பாரிஸ் கார்னர் போக வேண்டுமென்றால் என் மனைவி என்னிடம் சில்லறை கேட்பாள். இப்போது "பிங்க் பஸ் வருது" என்று சொல்லிவிட்டு அவள் பாட்டுக்குக் கிளம்பிவிடுகிறாள். இவ்வளவு செய்தவர்களுக்கு நடைபாதை போடுவது பெரிய காரியமா?

காலடிப்பேட்டை என்ற பெயர் காலடியிலிருந்து வந்ததல்ல. பதினெட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இங்கே ஆளுநராக இருந்த கோலெட் என்ற வெள்ளைக்காரர் நெசவாளர்களுக்காக அமைத்த பேட்டை, கோலெட் பேட்டையாக இருந்து நம் வாயில் காலடிப்பேட்டை ஆனது. வாய் தவறி வந்த பெயருக்காவது காலடி வைக்க இடம் கொடுக்கலாம்.

நான் கேட்பது மேம்பாலம் இல்லை. மின்சார ரயில் நிலையத்துக்கும் மெட்ரோவுக்கும் நடுவே நாள் முழுக்கப் போய்வரும் ஒரு சின்ன பஸ். ஆடாத மூடிகளோடு, இரண்டு பேர் சேர்ந்து நடக்கும் அகலத்தில் ஒரு நடைபாதை. என் மனைவி வேகத்தில் ரோட்டைக் கடந்து முடிக்கும்வரை பச்சையாக இருக்கும் ஒரு சிக்னல். மூன்றும் வந்தால், கட்டுரையாளரைப்போல் இன்னும் பத்துப் பேர் தைரியமாகக் காரை விற்பார்கள். எங்கள் தெருவில் அந்த உறை போட்ட கார் நிற்கும் இடமும் காலியாகலாம்.

கட்டுரையாளருக்கு ஒரு செய்தி சொல்லிவிடுங்கள். அடுத்த பௌர்ணமிக்கும் நாங்கள் போகிறோம். காலை ஆறு மணிக்குத் திருவொற்றியூர் ஸ்டேஷன் டிக்கெட் கவுன்டர் அருகே வந்தால் சேர்ந்தே போகலாம். மோர் சாதம் எங்கள் வீட்டில். செருப்பு மட்டும் கொஞ்சம் கெட்டியானதாகப் போட்டு வரட்டும்.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்,
காலடிப்பேட்டை, சென்னை - 19