ஈகிளுக்குப் போனால் அண்ணாந்து பார்

அன்புள்ள தங்கைக்கு,

கேம்பிரிட்ஜில் போய் இறங்கிய முதல் வாரமே யாராவது உன்னை பெனெட் தெருவிலுள்ள ‘ஈகிள்’ பப்புக்கு அழைத்துப் போய்விடுவார்கள். மூலக்கூறு உயிரியல் படிப்பவர்களுக்கு அது கிட்டத்தட்ட ஒரு திருத்தலம். மதுக்கடை ஆயிற்றே என்று தயங்காதே. குடிக்காதவர்களும் மதியச் சாப்பாட்டுக்கு வந்து போகிற இடம்தான்.

1667இல் ‘கழுகும் குழந்தையும்’ என்ற பெயரில் தொடங்கியது. குதிரை வண்டிகள் வந்து நின்ற சத்திரம் என்பதை இன்றைக்கும் உள்முற்றமும் அதைப் பார்த்தபடி இருக்கும் மாடித் தாழ்வாரமும் சொல்லும். கட்டடம் கார்ப்பஸ் கிறிஸ்டி கல்லூரிக்குச் சொந்தம். மேல்மாடிச் சன்னல் ஒன்றை மட்டும் எப்போதும் சாத்துவதில்லை. தீயில் சிக்கி இறந்த குழந்தையின் ஆவி அங்கே இருக்கிறதாம். சாத்தினால் கெட்டது நடக்குமாம். நான் போனது கொடும் ஜனவரியில். அன்றும் திறந்துதான் இருந்தது!

எல்லோரும் தேடி வருவது 1953 பிப்ரவரி 28ஐ. பல்கலைக்கழகத்தின் இயற்பியல் கூடமான கேவண்டிஷ் ஆய்வகம் அப்போது பக்கத்துச் சந்தில் இருந்தது. அங்கே டி.என்.ஏ.வின் அமைப்பைத் தேடிக்கொண்டிருந்த வாட்சனும் கிரிக்கும் வழக்கமாக இங்கேதான் சாப்பிடுவார்கள். அன்று கிரிக் உள்ளே வந்து, உயிரின் ரகசியத்தைக் கண்டுபிடித்துவிட்டோம் என்று எல்லோர் காதிலும் விழும்படி அறிவித்தாராம். அப்படி எழுதியவர் வாட்சன். கிரிக்கோ, அப்படிச் சொன்ன நினைவே தனக்கு இல்லை என்று எழுதிவிட்டார். ஆனாலும் சுவரில் பலகை ஏறிவிட்டது. எக்ஸ்-கதிர் ஆய்வால் அந்தக் கண்டுபிடிப்புக்கு வழிவகுத்த ரோசலிண்ட் பிராங்க்ளின் பெயர் அதில் இல்லை. பொறுக்காத யாரோ வெளிச்சுவர்ப் பலகையில் ‘+ பிராங்க்ளின்’ என்று கிறுக்கிவைத்தார்கள். 2023இல் வைத்த புதிய பலகையில்தான் அவர் பெயர் முறையாக வந்தது. கிறுக்கியவரை நான் குறை சொல்ல மாட்டேன்.

இன்னொன்று. நம் ஜி. என். ராமச்சந்திரன் 1949இல் முனைவர் பட்டம் பெற்றது இதே கேவண்டிஷில்தான். பிறகு சென்னை கிண்டியில் இருந்துகொண்டு, கோபிநாத் கர்த்தாவுடன் சேர்ந்து, தோலிலும் எலும்பிலும் இருக்கும் கொலாஜன் என்ற புரதத்தின் மூவிழைச் சுருளைக் கண்டார். அந்த அமைப்பில் அணுக்கள் அளவுக்கு மீறி நெருங்கியிருக்கின்றன என்று குறை சொன்னவர்களில் கிரிக்கும் ஒருவர். அணுக்கள் எவ்வளவுதான் நெருங்கலாம் என்று ராமச்சந்திரன் கணக்கிடப் புகுந்ததில் பிறந்ததுதான், புரதச் சங்கிலி எப்படியெல்லாம் மடங்கலாம் என்று காட்டுகிற, நீ தினமும் பார்க்கிற ராமச்சந்திரன் வரைபடம். பலகையைப் படிக்கும்போது இதையும் நினைத்துக்கொள்.

ஆனால் எனக்கு அந்த விடுதி என்றால் பின்னறைதான். இரண்டாம் உலகப் போரின்போது சுற்றுவட்டார விமானத் தளங்களிலிருந்து வந்த பிரிட்டிஷ், அமெரிக்க வீரர்கள் மேலே ஏறி, மெழுகுவத்தியாலும் லைட்டராலும் மேற்கூரையில் தங்கள் பெயரையும் படைப்பிரிவு எண்ணையும் கரியாக எழுதினார்கள். உதட்டுச்சாயத்தில் வரைந்த ஒரு பெண்ணுருவமும் உண்டு. எத்தனை பேர் மறுநாள் திரும்பி வந்தார்களோ. புகை படிந்து மங்கிப்போன எழுத்துகளை முன்னாள் விமானப்படை வீரர் ஒருவர் பின்னாளில் பொறுமையாகப் படித்தெடுத்துக் காப்பாற்றினார். கிரிக் என்ன சொன்னார் என்பதற்கு வாட்சனின் வார்த்தைதான் சாட்சி. இந்தப் பெயர்களை அவரவரே எழுதியிருக்கிறார்கள்.

கூட்டம் சேருமுன் போய் அங்கே உட்கார். கழுத்து வலிக்கும், பரவாயில்லை. அந்தச் சன்னல் திறந்திருக்கிறதா என்று பார்த்து எனக்கு எழுது.

உன் அக்கா