கச்சான் காற்றில் தொடங்கும் நத்தார்: எமது மாதர் சங்கச் செயலாளரின் ஆண்டறிக்கை

மதிப்புக்குரிய தலைவி அவர்களே, குருமார்களே, அன்பான அங்கத்தவர்களே,

சென்ற பொதுக்கூட்டம் நிர்வாகக் குழுவிடம் ஒரு கேள்வியை ஒப்படைத்தது. காப்பை அடகு வைக்காமல், பண்டிகை முற்பணம் எடுத்துவிட்டுத் தை தொடக்கம் சம்பளத்தில் வெட்டக் கொடுக்காமல், ஒரு குடும்பம் நத்தாரை (கிறிஸ்மஸை) நிறைவாகக் கொண்டாடுவது எப்படி என்று செய்து பார்த்துச் சொல்லும்படி கேட்டிருந்தீர்கள். இந்த அறிக்கையின் பெரும்பகுதி அதற்கான விடை. மாதக் கூட்டங்களும் நோயாளர் சந்திப்பும் வழமைபோல் நடந்தன. வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் தனியே சமர்ப்பிப்பார்.

குழு கண்ட முதல் உண்மை இது: திருகோணமலையில் சிக்கன நத்தாரை மார்கழியில் தொடங்க முடியாது. (இந்த அறிக்கையில் மாதப் பெயர்கள் ஆங்கில மாதங்களையே குறிக்கும்: ஆவணி ஆகஸ்ட், கார்த்திகை நவம்பர், மார்கழி டிசம்பர்.) வாடைக்காற்று ஐப்பசி கடைசியில் திரும்பிவிடும். கார்த்திகையும் மார்கழியும் மழை மாதங்கள். ஓலை, தேசிக்காய், மிளகாய், வைக்கோல் எதுவும் அப்போது காயாது. காயாததைக் கடையில் வாங்குகிறோம், அங்கேதான் காசு போகிறது. கச்சான், அதாவது வறண்ட தென்மேற்குக் காற்று, வீசும் ஆவணி, புரட்டாதி மாதங்களில் வெயிலுக்குக் காசில்லை. ஆகவே எங்கள் பட்டியல் ஆவணியில் தொடங்குகிறது.

பரிசுச் சீட்டு இழுப்பதும் முன்னுக்கு வந்தது. பத்துப் பேர் உள்ள குடும்பத்தில் ஆளுக்காள் பரிசு கொடுத்தால் 90 பொதிகள். ஒவ்வொருவரும் ஒரு பெயர் இழுத்தால் 10 பொதிகள். பல வீடுகளில் திருவருகைக் காலத்தின் முதல் ஞாயிறன்று இழுப்பது வழக்கம். அந்த ஞாயிறு நவம்பர் 27க்கும் டிசம்பர் 3க்கும் இடையில்தான் வரும். அதன் பிறகு கையால் எதையும் செய்து முடிக்க நேரமில்லை, கடைக்குத்தான் ஓட வேண்டும். புரட்டாதி முதல் ஞாயிறன்று இழுக்கும்படி கேட்டுக்கொள்கிறோம். சிறுபிள்ளைகளின் பெயரைச் சீட்டில் போட வேண்டாம். அவர்களுக்கு எல்லோரும் சேர்ந்து ஒரு பொருள் கொடுப்பது நல்லது. புதிய கல்வியாண்டுக்கான கொப்பிகளை உறை போட்டு, பெயர் எழுதிக் கொடுத்தால் எப்படியும் வரவிருந்த செலவே பரிசாகிவிடும்.

கச்சான் காலத்து வேலைகள்

பாலன் குடிலுக்கு மார்கழியில் தேடினால் கிடைப்பது மழையில் ஊறிக் கறுத்த வைக்கோல். தம்பலகாமம், கந்தளாய்ப் பக்கம் சிறுபோக அறுவடை நடப்பது ஆவணி, புரட்டாதியில். பெரும்போக நெல் நத்தார் நேரத்தில் வயலில் பச்சையாக நிற்கும். அறுவடை முடிந்த கையோடு ஒரு கட்டு வாங்கி, ஒரு நாள் வெயிலில் விரித்து, சாக்கில் கட்டி மேலே ஏற்றிவிடுங்கள். பொலித்தீன் பையில் இறுக்கிக் கட்டினால் உள்ளே வேர்த்துப் பூஞ்சணம் பிடிக்கும்.

பெட்டி இழைக்கும் சார்வோலையும் அப்படித்தான். குருத்தோலையைப் பிளந்து மூன்று நாள் கடும் வெயிலில் காயவிட்டால் வெளுக்கும். இடையில் ஒரு மழை பட்டாலும் கரும்புள்ளி விழும், பிறகு சாயம் போட்டாலும் மறையாது. ஒரு பனையில் ஒரு குருத்துக்கு மேல் வெட்டக்கூடாது. பனங்கட்டிக்குட்டான் அளவில் இழைத்த சிறு பெட்டிகள் பரிசு சுற்றும் தாளுக்குப் பதிலாக நன்றாக உதவுகின்றன. தாள் ஒரு நிமிடத்தில் கிழிந்து குப்பைக்குப் போகும், பெட்டியில் அந்த வீட்டார் ஆண்டு முழுவதும் உள்ளி, தேசிக்காய் போட்டு வைப்பார்கள்.

கொழும்பிலும் வெளிநாட்டிலும் இருக்கும் உறவினருக்கு வீட்டு மிளகாய்த்தூளைவிட மதிப்பான பரிசை எங்களால் சொல்ல முடியவில்லை. செத்தல் மிளகாய் 500 கிராம், மல்லி 500 கிராம், பெருஞ்சீரகம் 125 கிராம், நற்சீரகம் 60 கிராம், மிளகு 60 கிராம், வெந்தயம் 25 கிராம், மஞ்சள் 25 கிராம், நாலைந்து நெட்டுக் கறிவேப்பிலை. எல்லாவற்றையும் இரண்டு நாள் வெயிலில் காயவைத்துத் தனித்தனியே வறுக்க வேண்டும். சேர்த்து வறுத்தால் மல்லி சூடேறும் முன்பே வெந்தயம் கருகித் தூள் முழுவதும் கைக்கும். திரித்த தூளைத் தாளில் பரப்பி நன்றாக ஆறவிட்ட பின்பே போத்தலில் போடுங்கள். சூட்டோடு மூடினால் மூடியின் உள்ளே நீர் கோத்து, தூள் கட்டிபட்டுவிடும். பழைய ஜாம் போத்தல்களைப் பத்து நிமிடம் கொதிநீரில் போட்டெடுத்து, கவிழ்த்துவைத்து, ஒரு பகல் முழுவதும் உலரவிடுங்கள்.

தேசிக்காய் ஊறுகாய்க்கு 25 காய்க்கு 250 கிராம் உப்பு. அடிப்பக்கம் விலகாமல் நாலாகக் கீறி, உப்பை அடைத்து, நாலு நாள் சாடியில் குலுக்கி வைத்து, பிறகு பகலில் வெயிலிலும் இரவில் அதே சாற்றிலுமாகச் சாறு வற்றும்வரை மாற்றிப் போட வேண்டும். உப்பைக் குறைத்தவர்களின் சாடியில் வெள்ளைப் பூஞ்சணம் வந்தது. இரும்பு மூடி போட்டவர்களின் மூடியை உப்பும் புளிப்பும் அரித்துவிட்டன.

தேங்காயெண்ணெய்ச் சவர்க்காரம்

இந்த ஆண்டு அதிகக் கேள்வி வந்தது இதற்குத்தான், ஆகவே விரிவாக எழுதுகிறேன். நம் கிணறுகள் பலவற்றில் தண்ணீர் உவர். கடைச் சவர்க்காரம் அதில் நுரைப்பதில்லை. தேங்காயெண்ணெய்ச் சவர்க்காரம் கடல் நீரில்கூட நுரைக்கும். கப்பலோட்டிகள் அதைப் பயன்படுத்தியதும் இதனால்தான்.

தேங்காயெண்ணெய் 500 கிராம், கோஸ்டிக் சோடா (சோடியம் ஐதரொட்சைட்டு, கீழே ‘சோடா’ என்பது இதுவே) 76 கிராம், கொதித்து ஆறிய மழைத்தண்ணீர் 170 மில்லிலீற்றர். சோடாவை டிஜிட்டல் தராசில் மட்டுமே நிறுக்க வேண்டும், கரண்டிக் கணக்கு ஆகாது. இந்த அளவு சோடா எண்ணெய் முழுவதையும் சவர்க்காரமாக்காது. கிட்டத்தட்ட 15 தொடக்கம் 17 சதவீதம் எண்ணெயாகவே மிஞ்சும். அதை வேண்டுமென்றே விட்டிருக்கிறோம், இல்லாவிட்டால் தேங்காயெண்ணெய்ச் சவர்க்காரம் தோலை வரட்டிவிடும்.

தடித்த கையுறை, கண்ணாடி, முழுக்கைச் சட்டை அணிந்து, காற்றோட்டமான வெளி விறாந்தையில், பிள்ளைகள் இல்லாத நேரத்தில் செய்யுங்கள். சோடாவைத் தண்ணீருக்குள் சிறிது சிறிதாகப் போட வேண்டும். சோடாவின் மேல் தண்ணீரை ஊற்றினால் கொதித்துத் தெறிக்கும். கலவை மிகவும் சூடாகி ஆவி எழும், முகத்தைத் திருப்பிக்கொள்ளுங்கள். எண்ணெயும் சோடாக் கரைசலும் கைச்சூட்டை விடச் சற்றே கூடுதலான நிலைக்கு, அதாவது 40 பாகைக்கு, ஆறியதும் கரைசலை எண்ணெயில் ஊற்றிக் கிண்டுங்கள். கஞ்சிப் பதம் வந்து, மேலே கோடு போட்டால் அழியாமல் நிற்கும்போது, வெட்டித் திறந்த பால் பெட்டியில் ஊற்றித் துணியால் மூடுங்கள்.

வெட்டும் நேரம் முக்கியம். தேங்காயெண்ணெய் விரைவில் இறுகும். ஆறு மணித்தியாலம் கழித்துத் தொட்டுப் பார்த்து, கட்டியாக இருந்தால் உடனே வெட்டுங்கள், கையுறை இன்னும் வேண்டும். மறுநாளுக்கு வைத்தால் கத்தி பட்டதும் நொறுங்கும். உலர்ந்த பின் தலா 80 கிராம் அளவில் எட்டுக் கட்டிகள் தேறும். அவை நாலு தொடக்கம் ஆறு கிழமை காற்றில் முதிர வேண்டும். எனவே கார்த்திகை 10ஆம் திகதிக்குப் பிறகு ஊற்றியது நத்தாருக்கு ஆகாது.

நடந்த பிழைகளையும் பதிகிறேன். ஒரு தடவை அலுமினியச் சட்டி பாவிக்கப்பட்டது. சோடா அலுமினியத்தை அரித்து, சட்டி கறுத்து, வாயு பொங்கியது. துருப்பிடிக்காத உருக்கு அல்லது தடித்த பிளாஸ்ரிக் பாத்திரம்தான் சரி. இன்னொரு தடவை மணத்துக்காகத் தேசிக்காய்ப் புளி விட்டார்கள். புளி சோடாவின் ஒரு பங்கைத் தின்றுவிட்டதால் கட்டி எண்ணெய் கக்கியது. மஞ்சள்தூள் அரைத் தேக்கரண்டி போதும், நிறமும் வரும். கட்டியின் மேல் வெண்தூள் படிந்தால் பயமில்லை. ஆனால் வெட்டிய கட்டிக்குள் திரவம் தேங்கி நின்றால் அது கரைசல் சரியாகக் கலக்காததன் அடையாளம், அதை யாருக்கும் கொடுக்கக்கூடாது. தோலில் சோடா பட்டால் வினாகிரியைத் தேடாமல், பதினைந்து நிமிடம் ஓடும் தண்ணீரில் கழுவுங்கள்.

கேக்கும் பலகாரமும்

ரிச் கேக்கில் விலை கூடியவை கஜுவும் கடைப் பழத்துண்டுகளும். பழத்துண்டுக்குப் பதில் பப்பாசிக்காய். அரைக் கிலோவைச் சிறு சதுரமாக வெட்டி, தெளிந்த சுண்ணாம்புத் தண்ணீரில் அரை மணி ஊறவிட்டு, மூன்று தரம் கழுவி, கண்ணாடிபோல் ஆகும்வரை அவித்து வடியுங்கள். பிறகு அரைக் கிலோ சீனிப் பாகில் கம்பிப் பதம் வரை காய்ச்சி, இரவு முழுவதும் பாகிலேயே விட்டு, வடித்து உலர்த்துங்கள். சுண்ணாம்பு காயின் சதையை இறுக்குகிறது, அதை விட்டவர்களுக்குக் களி கிடைத்தது. இதையும் ஐப்பசி மழைக்கு முன் முடிப்பது நல்லது. கஜுவுக்குப் பதில் வறுத்துத் தோல் நீக்கிய கச்சான் கடலை 150 கிராம்.

ரவை 250 கிராமை நிறம் மாறாமல் வறுத்து, இளஞ்சூட்டில் 250 கிராம் மாஜரினில் கலந்து மூன்று மணித்தியாலம் ஊறவிடுங்கள். இதைத் தவிர்த்தால் கேக் மணல்போல் நெருநெருக்கும். எட்டு முட்டையின் மஞ்சளை 300 கிராம் சீனியுடன் அடித்து ரவையில் சேர்த்து, 400 கிராம் பப்பாசி, 250 கிராம் பேரீச்சம்பழம், 150 கிராம் பிளம்ஸ் (முந்திரிகை வற்றல்), கடலை, ஏலம், கறுவா, சாதிக்காய் போடுங்கள். நாலு முட்டையின் வெள்ளையை நுரைக்க அடித்துக் கடைசியில் மெதுவாகக் கலக்க வேண்டும். பழங்களில் பாகு ஈரம் இருந்தால் எல்லாம் அடியில் இறங்கிவிடும், இரண்டு மேசைக்கரண்டி ரவையில் முன்கூட்டிப் புரட்டி வையுங்கள். 23 சென்ரிமீற்றர் சதுரத் தட்டில், வெளியே மூன்று சுற்றுப் பத்திரிகைத் தாள் கட்டி, 150 பாகையில் ஒன்றே முக்கால் தொடக்கம் இரண்டு மணித்தியாலம். பேக்கரிப் போறணையில் கொடுப்பவர்கள் பாண் எடுத்த உடனே கொடுக்க வேண்டாம். சூடு தணியுமட்டும் காத்திராவிட்டால் மேல் கருகி நடு வேகாமல் நிற்கும். 7க்கு 7ஆக வெட்டினால் 49 துண்டு.

அயல் வீட்டுக்கு அனுப்பும் தட்டத்தில் ஒரு கவனம் வேண்டும். பிள்ளையார் பெருங்கதை விரதமும் திருவெம்பாவையும் நத்தாரை ஒட்டியே வரும். சைவ வீடுகளுக்கு முட்டை சேராத பயற்றம் உருண்டையும் முறுக்கும், மீன் பொரிக்காத புது எண்ணெயில் சுட்டு, தனித் தட்டத்தில் அனுப்புங்கள். முஸ்லிம் வீடுகளுக்குப் போகும் கேக்கில் பிராந்தி இருக்கக்கூடாது, எந்தக் கேக்கிலும் விடாவிட்டால் சிக்கலே இல்லை. பயற்றம் உருண்டைக்குத் தேங்காய்ப்பூவை ஈரம் போகப் பொன்னிறமாக வறுக்காவிட்டால் நாலாம் நாள் சிக்கு நாறும். மழைக்காலத்தில் முறுக்கு நமத்துப்போவதற்குக் காரணம் பெரும்பாலும் சூடு ஆறுமுன் பேணியில் போடுவதுதான்.

குடில், நட்சத்திரம்

குடிலின் புல்லுக்கு நெல்லை ஒரு நாள் ஊறவைத்து, ஒரு நாள் முளைகட்டி, மார்கழி 12 அல்லது 13இல் தட்டில் விதைத்தால் 24ஆம் திகதி இரவு சரியான உயரத்தில் நிற்கும். பயறு ஐந்தாறு நாளில் நெடுத்து விழுந்துவிடும். குடிலை அலங்கரிக்க முருகைக்கல் எடுக்க வேண்டாம். புறாமலைத் தீவு 2003 முதல் தேசிய பூங்கா, அங்கிருந்து சிப்பிகூட எடுக்க அனுமதியில்லை. நத்தார் மரத்துக்கும் அதுவே எங்கள் கருத்து: கடற்கரைச் சவுக்கு காற்றைத் தடுக்க நிற்கிறது, வாடையில் முறிந்து விழுந்த கிளை வேண்டியளவு கிடைக்கும்.

நட்சத்திரக் கூட்டுக்கு 75 சென்ரிமீற்றர் நீள மூங்கில் சிலாகை பத்து. ஒவ்வொன்றிலும் இரு முனையிலிருந்தும் 28½ சென்ரிமீற்றரில் குறியிடுங்கள். சிலாகைகள் ஒன்றையொன்று வெட்டும் இடம் அதுதான். குறியிடாமல் கண்மட்டத்தில் கட்டியவை எல்லாம் ஒரு பக்கம் சாய்ந்தன. ஐந்து சிலாகையில் ஒரு நட்சத்திரமாக இரண்டு கட்டி, ஐந்து நுனிகளையும் சேர்த்துக் கட்டி, உள் மூலைகளுக்கிடையில் 15 சென்ரிமீற்றர்த் துண்டு ஐந்தை இறுக்குங்கள். பச்சை மூங்கில் காய்ந்தால் கட்டு இளகும். டிசுத்தாள் முதல் மழையிலேயே கிழிந்தது. பழைய வேட்டித் துணியைக் கஞ்சியில் தோய்த்து ஒட்டியவை அடுத்த ஆண்டுக்கும் பத்திரமாக இருக்கின்றன. பின்பக்க நடுவைத் திறந்து விட்டால் 5 வாற் எல்ஈடி குமிழை மாற்றலாம். மெழுகுதிரி வேண்டவே வேண்டாம்.

நேரத்தைப் பரிசாகக் கொடுக்கும் அட்டைகளை முதியவர்கள் மிகவும் விரும்பினார்கள். கிணற்றடி தேய்த்துக் கழுவித் தருதல், கண் வைத்தியரிடம் கூட்டிப் போதல் போன்றவை. திகதி எழுதாத அட்டை நிறைவேறுவதில்லை, ஆகவே திகதியும் நேரமும் எழுதியே கொடுங்கள்.

டிசம்பர் 26 காலையில் எந்த ஒன்றுகூடலும் வைக்க வேண்டாமென்று குழு தீர்மானித்தது. 2004 சுனாமியில் கடல் கொண்டுபோனவர்கள் நம் கரையோர வீடுகள் பலவற்றில் இருக்கிறார்கள். 9.25 முதல் 9.27 வரை மௌனமாக நின்று, வாசலில் ஒரு விளக்கு ஏற்றினால் போதும். நத்தார் பாடல்கள் அன்று மாலைக்குப் பிறகு, மூவிராசாக்கள் திருநாள் வரை பாடப்படலாம்.

வரும் ஆண்டுக்கு இரண்டு பிரேரணைகள். சங்கத்துக்கு ஒரு டிஜிட்டல் தராசு வாங்கி, சவர்க்காரம் செய்யும் வீடுகளுக்கு முறைப்படி இரவல் கொடுத்தல். ஆவணி முதல் சனிக்கிழமை வைக்கோலும் ஓலையும் மொத்தமாக வாங்கிப் பங்கிடுதல். நட்சத்திரச் சட்டங்களை இரவல் எடுத்தவர்கள் துணியைக் கழற்றாமல், எலி கடிக்காதபடி தூக்கிக் கட்டி வைத்து, ஐப்பசிக்குள் திருப்பித் தரவும்.

இவ்வறிக்கையைச் சபையின் அங்கீகாரத்துக்குச் சமர்ப்பிக்கிறேன்.

செயலாளர்
திருகோணமலை