ஓட்டிவிட்ட காட்சிக்காக ஒரு மடல்

எங்கள் ஊர்த் திரைப்படக் கழகத்தின் பொறுப்பாளர்களுக்கு,

வணக்கம். போன ஞாயிற்றுக்கிழமை நீங்கள் திரையிட்ட 'குளிர்கால உறக்கம்' என்ற துருக்கிப் படத்தைப் பின்வரிசையில் உட்கார்ந்து பார்த்தவர்களில் நானும் ஒருவன். முழுதாகப் பார்த்தேன் என்று சொல்ல வழியில்லை. நீங்கள் முழுதாகக் காட்டவில்லையே.

விளக்கை அணைக்கும் முன்பே, ஏதோ தப்புச் செய்துவிட்டவர்களைப் போல, "பேச்சு கொஞ்சம் அதிகம், பொறுத்துக்கொள்ளுங்கள்" என்றீர்கள். பிறகு படத்தின் நாயகர் அய்தினும் அவர் சகோதரி நெஜ்லாவும் வாசிப்பறையில் பேச ஆரம்பித்த சற்று நேரத்தில் படத்தை வேகமாக ஓட்டிவிட்டீர்கள், உருவங்கள் படபடவென்று ஓடின. நின்றபோது வேறு காட்சி. 9 மணிக்கு மண்டபத்தைப் பூட்டியாக வேண்டும் என்ற உங்கள் சங்கடம் புரிகிறது. ஆனால் அந்த வீட்டின் நோவெல்லாம் வெளியே வரும் இடத்தையா தள்ளிவிடுவது?

இந்தப் படத்தின் இயக்குநர் நூரி பில்கே ஜெய்லான் புகைப்படக் கலையிலிருந்து சினிமாவுக்கு வந்தவர். ஆட்கள் வாய் திறக்காமல் தூரத்தைப் பார்த்துக்கொண்டிருக்கும் படங்களால் பெயர் வாங்கியவர். அவரே 2014-இல் மனைவி எப்ரு ஜெய்லானோடு சேர்ந்து, ருஷ்ய எழுத்தாளர் செகாவின் கதைகளைத் துணையாக வைத்துக்கொண்டு, 196 நிமிடம் மனிதர்களைப் பேசவிட்டிருக்கிறார். கேன்ஸ் திரைப்பட விழாவில் அவ்வாண்டு நடுவர் குழுவுக்குத் தலைமை வகித்த ஜேன் கேம்பியனே படத்தின் நீளத்தை எண்ணி முதலில் பயந்ததாகவும், பார்க்கப் பார்க்க இன்னும் இரண்டு மணி நேரம் உட்கார்ந்திருக்கலாம் போலிருந்ததாகவும் சொன்னார். விழாவின் உயரிய விருதான தங்கப் பனை அதற்குத்தான் போயிற்று.

நீங்கள் தள்ளிய காட்சியைச் சொல்கிறேன். அய்தின் முன்னாள் நாடக நடிகர். துருக்கியின் கப்படோக்கியாவில் பாறையைக் குடைந்த ஓட்டல் ஒன்றின் முதலாளி. உள்ளூர்ப் பத்திரிகையில் கட்டுரை எழுதுகிறார். மேசை விளக்கடியில் அவர் எழுதிக்கொண்டிருக்க, முதுகுக்குப் பின்னால் சோபாவில் சாய்ந்திருக்கிறாள் விவாகரத்தான நெஜ்லா. பேச்சு சாதாரணமாகத்தான் ஆரம்பிக்கிறது. உனக்குப் பழக்கமில்லாத மதத்தைப் பற்றியெல்லாம் ஏன் எழுதுகிறாய் என்கிறாள். அவர் சிரித்துச் சமாளிக்கிறார். அவள் விடுவதில்லை. ஒரு காலத்தில் உன்னை எவ்வளவு பெரிய ஆளாக நினைத்தோம் என்பதில் வந்து நிற்கிறாள். அதன்பின் அவரும் சும்மா இருப்பாரா? சோம்பேறித்தனம், சலிப்பு என்று அவள் வாழ்க்கையையே கிழித்துப் போடுகிறார். இருவரும் குரலை உயர்த்துவதில்லை. நம் வீடுகளில் சொத்துப் பேச்சு நடக்கும்போது பார்த்திருப்பீர்களே, மெல்லிய குரலில் சொன்னதுதான் பல வருடம் நிற்கும்.

இதைக் கேட்காதவர்களுக்கு அய்தினின் இளம் மனைவி நிஹாலின் கோபம் பாதிதான் விளங்கும். பள்ளிகளுக்காக அவள் திரட்டும் நன்கொடையின் கணக்குவழக்கில் கணவர் மூக்கை நுழைக்கிறார். நீ நேர்மையானவன், படித்தவன், மனசாட்சி உள்ளவன், ஆனால் அந்த நல்ல குணங்களை வைத்தே மற்றவர்களின் மூச்சை முட்ட வைக்கிறாய் என்ற பொருள்பட அவள் சொல்கிறாள். நிஹாலாக நடித்த மெலிசா சோசென் அதைச் சொல்லும் முகத்துக்காகவே இன்னொரு முறை டிக்கெட் எடுப்பேன்.

படத்தில் பேசாதவர்களும் உண்டு. வாடகை பாக்கிக்காகத் தன் வீட்டுச் சாமான்களைத் தூக்கிப்போனதற்கு, அய்தினின் வண்டிக் கண்ணாடியில் கல் எறிகிறான் சிறுவன் இலியாஸ். சித்தப்பா ஹம்தி அவனை நடத்தியே கூட்டிவந்து, அய்தினின் கையை முத்தமிடச் சொல்கிறார். பையன் அசையாமல் நிற்கிறான், கை நீண்டபடி காத்திருக்கிறது, சட்டென்று மயங்கி விழுகிறான். பிற்பாடு நிஹால் கொண்டுபோய்க் கொடுக்கும் பணக்கட்டை அவன் அப்பா இஸ்மாயில், இவ்வளவு இதற்கு, இவ்வளவு அதற்கு என்று நிதானமாகப் பிரித்துச் சொல்லிவிட்டு நெருப்பில் போடுகிறான். அன்று அரங்கில் சிலர் அந்த இடத்தில் சிரித்தார்கள். அவர்களைக் குற்றம் சொல்ல மாட்டேன். அதுவரை அந்த வீட்டில் சொல் எப்படியெல்லாம் காயப்படுத்தியது என்பதை நீங்கள்தான் அவர்களுக்குக் காட்டவில்லை.

ஆகவே ஒரு வேண்டுகோள். படத்தை இன்னொரு முறை, ஓட்டாமல், மாலை 5 மணிக்கே தொடங்குங்கள். இடைவேளை வேண்டுமென்றால் நெஜ்லாவின் சண்டை முடிந்த பிறகு விடுங்கள். தேநீரோடு அதைப் பற்றிப் பேசிக்கொள்ளலாம். முன்னுரையில் மன்னிப்பு வேண்டாம். யாருக்காவது தூக்கம் வந்தால் தூங்கட்டும், நானும் மற்ற படங்களில் தூங்கியிருக்கிறேன்.

மண்டபச் சாவி வைத்திருப்பவரிடம் வேண்டுமானால் நானே போய்ப் பேசுகிறேன்.

இப்படிக்கு,
பின்வரிசைச் சந்தாதாரர் ஒருவர்