ஊரில் இல்லம் கட்டுவது பற்றி நண்பருக்கு

யாழ்ப்பாணம்

அன்பின் பாலா,

உமது கடிதம் சென்ற கிழமை கிடைத்தது. மகன் இப்போது தானாகவே பேருந்தில் ஏறி நூலகத்துக்குப் போய் வரப் பழகிவிட்டான் என்று வாசித்தபோது, அவனைத் தூக்கிக்கொண்டு நீங்கள் விமானம் ஏறிய நாட்களை அறிந்தவன் என்ற முறையில், எனக்கு உண்டான மகிழ்ச்சி சொல்லி முடியாது.

கனடாவில் ஸ்காபரோவிலுள்ள எங்கள் ஊர்ச் சங்கம், விசேட தேவையுடையவர்களுக்காக ஊரில் இல்லமொன்று கட்டித் தர எண்ணியிருப்பதையும், காணி தர ஒருவர் முன்வந்திருப்பதையும் எழுதி என் எண்ணத்தைக் கேட்டிருந்தீர். சமூக சேவை உத்தியோகத்தராக வேலை பார்த்து ஓய்வுபெற்றவன் என்பதால் மட்டுமல்ல, அக்காவின் மகளை நாள்தோறும் பார்ப்பவன் என்பதாலும் இதற்கு நான் மனம் திறந்து பதில் எழுத வேண்டும். இல்லம் கட்ட வேண்டாம் என்பதே என் பதில். அந்தப் பணம் வேறு வழியில் பயன்பட வேண்டும். காரணத்தைச் சற்று விரிவாகவே எழுதுகிறேன். சங்கக் கூட்டத்தில் நீர் இதை வாசித்துக் காட்டினாலும் எனக்குச் சம்மதம்.

விசேட தேவையுடையவளான என் மருமகளுக்கு, அதாவது அக்காவின் மகளுக்கு, இப்போது 35 வயது, அக்காவுக்கு 71. அத்தான் காலமான பின் வீட்டில் இருவர் மட்டுமே. பாடசாலையின் விசேட கல்வி அலகில் படித்த காலத்தில் அவளுக்குச் சிநேகிதிகள் இருந்தார்கள். காசு எண்ணவும், தன் பெயரை எழுதவும், கடையில் கேட்டு வாங்கவும் பழகினாள். பாடசாலை வயது முடிந்ததும் எல்லாம் ஒரேயடியாக நின்றுபோயின. அன்று கற்றவற்றில் பாதியை இன்று மறந்துவிட்டாள். அக்கா நல்லூர்த் தேருக்குப் போய்ப் பல வருடங்களாகின்றன. ஒரு செத்தவீட்டுக்குத் தலைகாட்ட வேண்டுமென்றாலும் நான் போய் அங்கே இருந்தால்தான் உண்டு. மருமகளை முழுகவார்ப்பது, மாதவிலக்கு நாட்களில் பார்ப்பது போன்றவற்றில் மாமனாகிய நான் எந்த உதவியும் செய்ய முடியாது. முழங்கால் வலியோடு எழுபது வயதைக் கடந்த ஒருத்தி தனியே செய்கிறாள். எங்கள் ஊரில் மட்டும் இப்படிப்பட்ட வீடுகள் எத்தனை என்பது நாங்கள் இருவரும் அறிந்ததே.

அரசாங்கம் ஒன்றும் செய்யவில்லை என்று நான் சொல்ல மாட்டேன். வருமானம் குறைந்த குடும்பங்களிலுள்ள மாற்றுத்திறனாளிகளுக்கான மாதக் கொடுப்பனவு 5,000 ரூபாயாக இருந்து, பின்னர் 7,500 ஆகி, 2025 ஏப்ரல் முதல் 10,000 ரூபாயாக உயர்ந்திருக்கிறது. பெற்றவர்களுக்கு இது பெரிய ஆறுதல்தான். ஆனாலும் அந்தப் பணம் அரிசிக்கும் மருந்துக்கும் போய்விடுகிறது. போகாமல் மிஞ்சினாலும், ஒரு பகற்பொழுதுக்கு வீட்டுக்கு வந்து பிள்ளையைப் பார்த்துக்கொள்ளப் பயிற்சி பெற்ற ஆள் கிடைப்பதில்லை. குறை இந்த இடத்தில்தான் இருக்கிறது என்பது, கொடுப்பனவுப் படிவங்களோடு என் உத்தியோக காலத்தைக் கழித்த பின்பு எனக்கு உறுதியாகத் தெரிகிறது.

வளர்ச்சிக் குறைபாடுள்ளவர்களுக்கு உதவிப் பணம் தரும் 'பாஸ்போட்' என்ற திட்டம் பற்றி நீர் எழுதியிருந்தீர்; நானும் தேடி வாசித்தேன். 18 வயதானவுடன் தகுதியுள்ள ஒவ்வொருவருக்கும் வருடத்துக்குக் குறைந்தது 5,500 டொலரும், தேவை கூடியவர்களுக்கு அதனிலும் பல மடங்கும் ஒன்ராறியோ மாகாண அரசு ஒதுக்குகிறது. அதைக் கொண்டு உதவியாளரை அமர்த்தலாம், வகுப்புகளுக்குப் போகலாம், தாய் தகப்பனுக்குச் சில மணித்தியாலம் ஓய்வு கிடைக்கச் செய்யலாம். உமது மகனுக்கு வெளியுலகம் திறந்த அதே வயதில்தான் இங்கே என் மருமகளுக்கு வீட்டுக் கதவு சாத்தப்பட்டது. இதை நான் பொறாமையால் எழுதவில்லை என்பது உமக்குத் தெரியும்.

அந்த மாகாணமும் முதலில் இல்லங்களைத்தான் கட்டியது. 1876 இல் ஓரில்லியாவில் திறக்கப்பட்ட பெரிய நிலையத்தில் வளர்ச்சிக் குறைபாடுள்ளவர்களைத் தலைமுறை தலைமுறையாக அடைத்துவைத்தார்கள். அத்தகைய அரச நிலையங்களில் கடைசியானவை 2009 மார்ச்சில் மூடப்பட்டன. அங்கே நடந்த கொடுமைகளுக்காக 2013 டிசம்பரில் மாகாண முதல்வர் கத்லின் வின் சட்டமன்றத்திலேயே மன்னிப்புக் கேட்டார். அவ்வளவு காலமும் பணமும் செலவழித்த பின்னர் அவர்கள் கைவிட்ட வழியில் நாங்கள் ஏன் இப்போது கால் வைக்க வேண்டும்? அங்கேயும் எல்லாம் சீர் என்று நான் நினைக்கவில்லை. தங்குமிடத்துக்காக வருடக்கணக்கில் காத்திருக்கிறார்கள். போக்கிடமில்லாமல் வைத்தியசாலைகளிலும் முதியோர் இல்லங்களிலும் சிறையிலும்கூட ஆட்கள் இருந்ததை அங்குள்ள குறைகேள் அதிகாரியின் 2016 ஆம் ஆண்டு அறிக்கை எடுத்துச் சொன்னது. ஆனாலும் போகும் திசை சரியானது.

எங்கள் ஊரில் காணி கிடைக்கும், சீமெந்து கிடைக்கும், திறப்பு விழாவுக்கு ஆட்களும் கிடைப்பார்கள். நடுச்சாமத்தில் ஒரு பிள்ளைக்கு வலிப்பு வந்தால் விழித்திருந்து பார்க்கிற ஆளுக்குப் பத்து வருடத்துக்குப் பிறகும் மாதாமாதம் சம்பளம் கொடுக்கப்போவது யார்? சங்கத்தில் இன்று முன்னிற்பவர்கள் எங்கள் வயதுக்காரர்கள். அவர்களுடைய பிள்ளைகளுக்கு ஊரோடு அந்தப் பிணைப்பு இருக்கும் என்று எதிர்பார்ப்பது நியாயமில்லை. விசேட தேவையுடைய பிள்ளைகளுக்குக் கற்பிக்கும் கோண்டாவில் சிவபூமிப் பாடசாலை போன்றவற்றை நான் இதோடு சேர்க்கவில்லை. கற்பிக்கும் இடங்கள் வேண்டும், இன்னும் பல வேண்டும். பெற்றோர் இருவரையும் இழந்தவர்களுக்கும் இடம் வேண்டும். மூன்று நான்கு பேர் அயலோடு சேர்ந்து வாழும் சாதாரண வீடொன்று அதற்குப் போதும்.

இதற்கு மாற்றாக நான் கேட்பது இதுதான். ஊரிலேயே ஐந்தாறு இளம் பெண்களையும் ஆண்களையும் தெரிந்தெடுத்துப் பயிற்சி கொடுத்து, மாதச் சம்பளத்தில் வீடு வீடாக அனுப்ப வேண்டும். பராமரிப்பாளர் வேலைக்குத் தேசிய தொழிற்தகைமைச் சான்றிதழ் ஏற்கெனவே இருக்கிறது; படிக்கிறவர்களில் பலர் வெளிநாட்டு வேலையை எண்ணியே படிக்கிறார்கள், ஏனெனில் இங்கே அந்த வேலைக்குச் சம்பளம் கொடுப்பார் இல்லை. காலை வேளைகளில் வெறுமையாகக் கிடக்கும் எங்கள் சனசமூக நிலையத்தை விசேட தேவையுடையவர்கள் ஒன்றுகூடும் இடமாக்கலாம். மருமகள் அங்கே நடந்தே போவாள். பத்திரிகை வாசிக்க வருகிறவர்கள் அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவார்கள்.

இரண்டு மூன்று வருடம் ஒழுங்காக நடத்திக் காட்டிவிட்டு, கணக்கோடு பிரதேச செயலகத்துக்கும் மாகாண சமூக சேவைத் திணைக்களத்துக்கும் போய், இனி இந்தச் சம்பளத்தை நீங்கள் கொடுங்கள் என்று கேட்க வேண்டும். கேட்பதற்கு உரிமை இருக்கிறது. மாற்றுத்திறனாளிகளின் உரிமைகளைப் பாதுகாக்கும் 1996 ஆம் ஆண்டின் 28 ஆம் இலக்கச் சட்டம் இருக்கிறது. வீட்டிலும் சமூகத்திலும் ஆதரவுச் சேவை பெறும் உரிமையைத் தன் 19 ஆம் உறுப்புரையில் எழுதிவைத்திருக்கும், மாற்றுத்திறனாளிகளின் உரிமைகள் பற்றிய ஐ.நா. சமவாயத்தை இலங்கை 2016 இல் ஏற்று உறுதிப்படுத்தியிருக்கிறது. தர்மமாகத் தொடங்குவது தர்மமாகவே நின்றுவிடக்கூடாது என்பதில் நான் பிடிவாதமாக இருக்கிறேன்.

காணி தர முன்வந்தவரின் மனம் நோகாதபடி நீர்தான் பேச வேண்டும். அத்துடன், உமது மகனுக்கு வரும் உதவியாளர் முதல் மாதங்களில் என்னென்ன பழக்கினார், எதை எழுதிவைத்தார், தாயிடம் என்ன கேட்டார் என்பதை விரிவாக எழுதி அனுப்பும். இங்கே பயிற்சியை எங்கிருந்து தொடங்குவது என்று முடிவெடுக்க அது எனக்கு வேண்டும். கூட்டம் எப்போது என்பதையும் முன்கூட்டியே அறியத்தாரும். அதற்குள் சம்பளக் கணக்கைத் தயாரித்து அனுப்பிவிடுகிறேன். அக்கா உம்மையும் வீட்டாரையும் சுகம் கேட்டதாக எழுதச் சொன்னார்.

என்றும் அன்புடன்,
உமது நண்பன்